சந்தனம் வைத்த திருகு

அந்தப் பையை மேலே வைக்காதீங்க தம்பி, பிரேக் போட்டால் என் தலையில்தான் விழும். காலுக்கடியில் தள்ளிவிடுங்க. அவ்வளவுதான். மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். என்ன வேலை பார்க்கிறீங்க? கம்ப்யூட்டரா. அப்போ திருப்புளி பிடித்திருக்க மாட்டீங்க. பரவாயில்லை, நான் சொன்னால் உங்களுக்குப் புரியும். நான் சொன்னால் யாருக்கும் புரியும். என் வீட்டுக்காரிக்குத்தான் புரியாது.

அவள் முந்தாநாளே மதுரைக்குப் போய்விட்டாள். துப்பாக்கி சுடும் போட்டிக்கு. சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் சொல்கிறேன். வசந்தாமணி என்று பேர், நாற்பத்தேழு வயசு. மேஜை மேல் துப்பாக்கியைச் சாய்த்துவைத்து ஐம்பது மீட்டரில் அட்டையைச் சுடுவது. மாநிலப் போட்டி. இன்றைக்குப் பதினோரு மணிக்கு அவள் முறை. முதல் நாலு பேருக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். மூன்று வருஷமாகப் போகிறாள், மூன்று வருஷமும் வரவில்லை. துப்பாக்கி எங்கள் கிளப்புடையது. இந்த வருஷமும் தேறவில்லை என்றால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். அதாவது இன்றைக்கு விட்டால் அவளுக்கு இனி கிடையாது.

அப்படிப்பட்ட நாளில் துணைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் தெரியுமா? மேகலா என்று ஒரு பெண். கிளப்பில் அட்டை மாட்டுகிற பெண். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசு இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. படிப்பு எட்டாங்கிளாஸ். அது போயிருக்கிறது, நான் இங்கே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் ஸ்கோப்பை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

ஸ்கோப் என்றால் துப்பாக்கிக்கு மேலே பூட்டுகிற தூரக்கண்ணாடி. உள்ளே கண்ணை வைத்தால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மயிர்க்கோடு தெரியும். அந்தக் கோடு இரண்டும் சேருகிற இடத்தில் குண்டு போய் விழ வேண்டும். அதற்குக் கண்ணாடி துப்பாக்கியோடு ஒன்றாகி நிற்கணும். இங்கே மயிரளவு அசைந்தால் அங்கே அட்டையில் விரற்கடை தள்ளிப் போய்விடும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கிக் கடையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். பில் போடுகிற மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன், அது வேறு விஷயம். ரிப்பேர் மேஜை எனக்குப் பின்பக்கம். நடுவில் ஒரு தட்டிதான். காது திறந்திருந்தால் போதும் தம்பி, தொழில் தானாக உள்ளே வந்துவிடும்.

கடையை மூடின பிறகு கிளப்பில் கருவிப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது, மரியாதைதான். வசந்தாமணி அங்கே வந்ததே எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்துதான். ஒரு நாள் மெம்பர்கள் வீட்டுப் பெண்களுக்கு விளையாட்டாக ஒரு சுடும் போட்டி வைத்தார்கள். மாட்டேன் என்றவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பத்துக் குண்டு. பத்தும் கறுப்பு வட்டத்துக்குள். எல்லாரும் கைதட்டினார்கள். குருட்டு அதிர்ஷ்டம் என்று நான் சொன்னேன். அதே குருட்டு அதிர்ஷ்டத்தில்தான் நாலு வருஷமாகச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

கண்டக்டர் சில்லறை தந்தாரா உங்களுக்கு? கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. அப்புறம் தாராபுரத்தில் இறங்கின பிறகு ஞாபகம் வந்தால் பிரயோஜனமில்லை. ஆமாம், நீங்கள் மதுரை இல்லையா. சரி.

போன வருஷம் கிளப்பில் புது ஸ்கோப் வாங்கினார்கள், வசந்தாமணி சுடுகிற துப்பாக்கிக்கு. பூட்டினது யார்? நான். எந்த நாளில்? ஆயுத பூஜை அன்றைக்கு. காலை ஒன்பதேகாலுக்கு, நல்ல நேரம் பார்த்து. துப்பாக்கி முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் இரண்டு கிளாம்ப் உட்காரும், கிளாம்ப் மேல் வளையம், வளையத்துக்குள் ஸ்கோப். ஒவ்வொரு வளையத்துக்கும் நாலு திருகு. நான் முதலில் பள்ளத்தை நல்லெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆனது. பிறகு சந்தனம் குழைத்துப் பள்ளத்துக்குள்ளேயே மூன்று பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, அதற்கு மேல்தான் கிளாம்பை உட்கார வைத்தேன். லாரிக்காரன், லேத்துக்காரன் எல்லாரும் வெளியே பொட்டு வைப்பான். மறுநாள் துடைத்தால் போச்சு. உள்ளே வைத்தால் யார் துடைக்க முடியும்? வருஷம் முழுக்க இருக்கும். இப்படி ஒரு யோசனை யாருக்காவது வருமா, நீங்களே சொல்லுங்க.

திருகு எட்டுக்கும் எண்ணெய் விட்டேன். எண்ணெய் விட்டால்தான் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஒரு பக்கத்துத் திருகையெல்லாம் முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தேன். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும், அதற்கு அளவு கிடையாது. கோடு நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேராக நின்றது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் இதில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னேன். எல்லாரும் பொரியைத் தின்றுகொண்டே தலையை ஆட்டினார்கள்.

தை மாசத்திலிருந்து அவளுக்குக் குறி தவற ஆரம்பித்தது. ஒரு வாரம் நடுவில் அடிப்பாள், அடுத்த வாரம் கீழே போகும், அதற்கடுத்த வாரம் இன்னும் கீழே, ஓரத்தில். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வளையல். சுடும்போது வளையல் மேஜையில் தட்டுகிறது. கழற்று என்றேன். கழற்றினாள். சரியாகவில்லை. தாலிக்கொடி நெஞ்சில் அழுந்துகிறது, முதுகுப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டாள். சரியாகவில்லை. காப்பி நரம்பைத் தூண்டிவிடும், நிறுத்து என்றேன். நிறுத்தினாள். விடிந்ததும் எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் வெந்நீர் குடித்தாள். வெந்நீர் நல்லதுதான். அப்படியும் சரியாகவில்லை.

கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அவருக்கு என்ன தெரியும். வேறொரு டாக்டரிடம் போனோம். அவரும் இல்லை என்றார். கண்ணில் இல்லை என்றால் மனசில்தான் இருக்கணும், இல்லீங்களா? தங்கச்சியோடு போனில் பேசுவதை நிறுத்து, அவள் கஷ்டத்தையெல்லாம் உன் தலையில் இறக்கிவைக்கிறாள் என்றேன். அதையும் நிறுத்தினாள். நான் ஒரு ஆள் அவளுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறேன் பாருங்க.

ஒரே ஒரு நாள், துப்பாக்கியை ஒருதரம் பார்க்கச் சொல்லிக் கேட்டாள். அதுவும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, குழம்புச் சட்டியைப் பார்த்தபடி. பூஜை போட்டுப் பூட்டினது அது, அதில் ஒன்றும் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்று புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

இந்த மேகலா மாசி மாசத்தில் வேலைக்கு வந்தது. புருஷன் டெம்போ ஓட்டுகிறான். அது கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பம்பு கம்பெனியில் அசெம்பிளி வேலை பார்த்ததாம், குழந்தை உண்டானதும் நின்றுவிட்டதாம். கிளப்பில் என்ன வேலை? அட்டை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும், பெருக்க வேண்டும். வராண்டாவில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டு வைத்திருக்கும். ஏதாவது கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லும். அந்தப் பதிலும் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். குழந்தை கையில் இருந்தால் அதன் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளும். இப்படி ஒரு ஆளைப் பார்த்து நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. பேசாதவர்களை நம்பக் கூடாது தம்பி. என்னைப் பாருங்க, எதுவானாலும் பேசிவிடுவேன்.

சுட்ட அட்டையையெல்லாம் குப்பையில் போடு என்றால் போடவில்லை. வசந்தாமணி சுட்ட அட்டையை மட்டும் தேதி வாரியாக அடுக்கி, ரப்பர் போட்டு வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்து வசந்தாமணியிடம் ஏதோ குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தது. என்ன அது என்று நான் போய் நின்றேன். வாயை மூடிக்கொண்டது. சொல்லு, சும்மா சொல்லு என்றேன். நாலு மெம்பர்களும் வந்து நின்றார்கள். குழந்தையின் மண்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

"கை ஆடுனா ஓட்டை அங்கங்க செதறியிருக்குமுங்க. அக்காளுது பத்தும் கிட்டக் கிட்டயே இருக்குது. ஆனா ஒவ்வொரு அட்டையிலயும் அந்தக் கூட்டமே சோத்தாங்கைப் பக்கமா கீழ எறங்கிட்டே போகுதுங்க. அக்கா நகரலீங்க. மேல பூட்டுனது நகருது."

நான் கேட்டேன், இதையெல்லாம் எங்கே அம்மிணி படித்தாய் என்று. பம்பு கம்பெனியில் பார்த்திருக்கிறேன், போல்ட் ஒரு பக்கமாகப் பிடித்திருந்தால் இப்படித்தான் மூடி தள்ளும் என்றது. "அம்மிணி, இது கெணத்துல தண்ணி எறைக்கற மோட்டார் இல்ல" என்றேன். மெம்பர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், துப்பாக்கிக்குள்ளே தண்ணி வந்தால் உன்னைக் கூப்பிடுகிறோம் என்றார். அது காது மடல் வரைக்கும் சிவந்துபோய்த் தொட்டிலுக்கு ஓடிவிட்டது. வசந்தாமணி சிரிக்கவில்லை. அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேடிக்கைப் பேச்சே புரியாது, எப்பவும் அப்படித்தான்.

சித்திரையில் சென்னிமலையில் என் பங்காளி வீட்டுக் கல்யாணம். கருவி பீரோ சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு நாள் போயிருந்தேன். வசந்தாமணி தலைவலி என்று வரவில்லை. நானும் நம்பினேன். திரும்பி வந்து கிளப்பில் பீரோவைத் திறந்தால் துப்பாக்கி மேல் சிவப்பாக ஏதோ தெரிகிறது. ரத்தம் என்று நினைத்துவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நெயில் பாலிஷ். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் வளையத்துக்கு இழுத்து ஒரு சின்னக் கோடு. எட்டுத் திருகு, எட்டுக் கோடு. கிளாம்ப் ஓரத்தில் பிதுங்கி நின்ற சந்தனத்தைக் காணோம். துப்பாக்கியை முகர்ந்து பார்த்தேன். பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை அடிக்கிறது.

பூஜை போட்டதைத் தின்னரால் கழுவுவார்களா? உங்கள் வீட்டில் செய்வீர்களா?

நான் சும்மா விடவில்லை. செயலாளரைக் கூப்பிட்டேன், அன்றைக்கு இருந்த அத்தனை மெம்பரையும் கூப்பிட்டேன். இதற்கு இன்றைக்கே முடிவு கட்ட வேண்டும் என்றேன். செயலாளர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என்ன செய்தாய் என்று கேட்டார். அது தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிளாம்பைக் கழற்றினதும் சந்தனம் காய்ந்து தூளாகக் கொட்டினதாம். கிளாம்புக்கும் இரும்புக்கும் நடுவில் அந்தத் தூள் இருந்ததால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பே இல்லையாம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் தூள் கொஞ்சம் உதிர்ந்து கிளாம்ப் கொஞ்சம் நகர்ந்ததாம். பஞ்சைத் தின்னரில் நனைத்து எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்ததாம். சுடும்போது உதைக்கிற உதையில் நகராதபடி கிளாம்பை முன்பக்கமாக முட்டவைத்துப் பிறகு பிடித்ததாம். அட்டை மாட்டுகிற பக்கத்து வேப்பமரத்தில் ஒரு நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அந்த நூலோடு கண்ணாடிக்குள் இருக்கிற கோட்டைச் சேர்த்துப் பார்த்ததாம். என் கண் இருக்கும்போது நூல் எதற்கு?

அதோடு விட்டதா? திருகைக் குறுக்குக் குறுக்காகத்தான் முறுக்க வேண்டுமாம். இந்த மூலையில் கால் சுற்று, எதிர் மூலையில் கால் சுற்று, மறுபடியும் இந்த மூலை. வளையத்தின் இரண்டு பக்கத்து இடைவெளியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கல்யாணப் பத்திரிகையைச் செருகிப் பார்த்ததாம். எந்தப் பத்திரிகை தெரியுமா? நான் போயிருந்தேனே, அந்தக் கல்யாணப் பத்திரிகை. பழைய கம்பெனியில் கூட வேலை செய்தவளிடம் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் வாங்கி வந்திருக்கிறது. இவ்வளவுதான் முறுக்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டக்கென்று விட்டுவிடுமாம். கைக்குத் தெரியாதவர்களுக்கு அப்படி ஒரு சாமான் செய்திருக்கிறார்கள். கடைசியில்தான் அந்த நெயில் பாலிஷ். திருகு துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். கம்பெனியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பெயிண்டில் இழுப்பார்களாம்.

அரைமணி நேரம் நின்று கேட்டார்கள் தம்பி. பெரிய பெரிய மனுஷர்கள். ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். நான் கேட்டேன், இருபத்திரண்டு வருஷம் கடையில் இருந்த நான் சொல்வது பெரிதா, இது சொல்வது பெரிதா என்று. செயலாளர் குனிந்து அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, சுடட்டும் என்றேன். எல்லார் முன்னாலும் வசந்தாமணி சுடட்டும், பார்த்துவிடலாம். நான்தான் சொன்னேன் அதை. பயந்தவன் சொல்வானா?

பத்துக் குண்டு சுட்டாள். அட்டையைக் கொண்டுவந்தார்கள். பத்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசை வைத்து மறைத்துவிடலாம். அன்றைக்குக் காற்றே இல்லை, அதையும் பார்க்கணும் இல்லையா? மறுபடி பத்து. அதே இடம். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், அதே இடம். ஏழு மாசம் என் சந்தனம் அந்த இரும்பில் ஊறியிருக்கிறது, மேலே துடைத்துவிட்டால் போய்விடுமா என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

எல்லார் முன்னாலும் சுட்ட அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் ஒன்று சொன்னாள். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நாலு மாசம் நானு காப்பி குடிக்கலீங்க."

"அதுக்கு இப்ப என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. சொன்னேன்."

இதை எதற்குச் சொன்னாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. காப்பி வேண்டுமென்றால் போட்டுக் குடிக்க வேண்டியதுதானே. தூள் டப்பா அவள் கையில்தான் இருக்கிறது, பால் அவள் கையில்தான் இருக்கிறது. ஸ்கோப்பைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது இவளுக்குக் காப்பி. அவ்வளவுதான் அவளுடைய புத்தி.

கருவி பீரோ சாவியையும் நானே கொடுத்துவிட்டேன். செயலாளர் கையை நீட்டினார், கொடுத்தேன். அவர் நீட்டாவிட்டாலும் கொடுத்திருப்பேன். இப்போது அந்தச் சாவி மேகலா இடுப்பில் தொங்குகிறது. குழந்தை அதை வாயில் வைத்துச் சப்புகிறது. அந்த அழகை நான் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மெம்பர்கள் வரிசையில் நிற்கிறார்கள், என்னுடையதையும் ஒருதரம் பார்த்துக் கொடும்மா என்று. சிரித்தார்களே, அதே ஆட்கள்தான். அது இன்னும் தரையைத்தான் பார்க்கிறது. ஆனால் திருகைப் பற்றிக் கேட்டால் மட்டும் சத்தம் வருகிறது. சமயத்தில் அவர்களை அதட்டவும் செய்கிறது. எண்ணெய் விடாதீங்க என்று ஒரு வக்கீலைப் பார்த்துச் சொன்னது, நான் என் காதால் கேட்டேன்.

வேர்க்கடலை எடுத்துக்கொள்ளுங்க. நான் தாராபுரத்தில் இறங்கி வாங்கினேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீங்க. தூங்கவில்லையே? நல்லது.

போட்டிக்கு ஒரு படிவம் அனுப்புவார்கள். சுடுகிற ஆள் பேர், ஊர், வயசு. அதற்குக் கீழே உதவியாளர் என்று ஒரு வரி. மூன்று வருஷமாக அந்த வரியில் என் பேர்தான் இருக்கும், நான்தான் என் கையெழுத்தில் எழுதுவேன். இந்த வருஷம் படிவம் டி.வி. மேல் கிடந்தது. எழுதியாகிவிட்டது. அவள் கோழிக்கிறுக்கலில் மேகலா என்று. என்ன வசந்தாமணி இது என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்" என்றாள்.

பார்த்தீங்களா, என் உடம்பின்மேல் அக்கறை. அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறாள். ஆனால் அதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். நாங்கள் கல்யாணம் செய்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முந்தாநாள் காலையில் கிளம்பும்போது, சோறு ஃபிரிட்ஜில் இருக்கிறது, ரசம் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்க என்றாள். வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. வராதீங்க என்று சொல்லாதபோது வரலாம் என்றுதானே அர்த்தம்?

நேற்றே கிளம்பியிருப்பேன். இன்றைக்கு விடிந்ததும் கூப்பிடுவாள், எப்படிச் சுட வேண்டும் என்று கேட்பாள், அதைச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டரை வரைக்கும் பார்த்தேன். சிக்னல் கிடைத்திருக்காது. அதனால்தான் இந்த பஸ். போட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேருவேன், எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஸ்கோப் நிச்சயம் நடுவில் அசையும். நான் எழுதித் தருகிறேன். அசைந்தால் அங்கே விஷயம் தெரிந்த ஆள் ஒருத்தன் வேண்டாமா? அந்த எட்டாங்கிளாஸ் மேகலா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விழிக்கும். அப்போது வசந்தாமணி திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் நான் நிற்பேன்.

என்ன கேட்டீங்க? அசைந்தால் அவள் தோற்றுப் போவாளே என்றா? அவள் தோற்க வேண்டும் என்று நான் சொன்னேனா? அசையும் என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு. கம்ப்யூட்டர் படித்தவர், இதுகூடத் தெரியாதா?

அப்படிப் பார்க்காதீங்க.

ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டோமா? மணி என்ன? ஒன்றா. அப்போ சுட்டு முடித்திருப்பார்கள். முடித்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

இருங்க, போன். அவள்தான். பார்த்தீங்களா, நான் சொன்னேன் இல்லையா? கூப்பிடாமல் இருக்க முடியுமா அவளால்?

ம், சொல்லு. பஸ்ஸில் இருக்கிறேன், மதுரைக்குத்தான், வேறு எங்கே. சத்தமாகப் பேசு. அங்கே என்ன இரைச்சல்? கைதட்டிக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படிக் கேட்கும், கொஞ்சம் தள்ளி வந்து பேசு. இரு, நான் சொல்வதை முதலில் கேள். முன்பக்க வளையத்தைத் தொட்டுப் பார்த்தாயா? அதுதான் முதலில் விடும். அது கிடக்கட்டும், நீ சொல்ல வந்ததை அப்புறம் சொல்லு. கழற்றும்போது நான் வருகிற வரைக்கும் யாரையும் கை வைக்க விடாதே, எங்கே அசைந்திருக்கிறது என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். யார் கூப்பிடுகிறார்கள்? மைக்கிலா? இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லு, முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லு. எதற்கு அழுகிறாய்? இல்லையா? அப்போ அழுவது யார், மேகலாவா? அதற்கு என்ன வந்தது? வசந்தாமணி, அந்த நெயில் பாலிஷ் கோட்டை மட்டும்...

வைத்துவிட்டாள்.

ஒரே கூச்சல் தம்பி அங்கே, ஒன்றும் காதில் விழவில்லை. மைக்கில் ஒருத்தன் வசந்தாமணி, வசந்தாமணி, மேடைக்கு வாங்க, மேடைக்கு வாங்க என்று கத்திக்கொண்டிருந்தான். ஏதாவது கையெழுத்து வாங்குவதற்காக இருக்கும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குவார்கள்.

என்ன?

எத்தனாவது இடமா?

அதை நான் கேட்கவில்லையே.

அவளும் சொல்லவில்லை. சொல்லத்தானே கூப்பிட்டிருப்பாள், சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் என்ன வாயை மூடு என்றா சொன்னேன்? அப்புறம் சொல்லு என்றுதானே சொன்னேன். இருங்க, போட்டுப் பார்க்கிறேன்.

மணி அடிக்கிறது.

எடுக்கவில்லை. மேடையில் இருப்பாள்.

மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. மேகலா நம்பர் இருக்கிறது என்னிடம். அது எடுக்கும். அட்டை வேலைக்காக எப்போதோ வாங்கி வைத்தது. ஆனால் நான் போட்டு எப்படிக் கேட்பது? எந்த மூஞ்சியோடு, அதாவது, எதற்கு நான் போட்டுக் கேட்க வேண்டும்?

தம்பி, உங்கள் போனை எடுங்க. நம்பர் சொல்கிறேன், நீங்கள் போடுங்க. வசந்தாமணி அம்மா எத்தனாவதாக வந்தாங்க என்று மட்டும் கேளுங்க. கிளப்பிலிருந்து பேசுகிறேன், பத்திரிகையிலிருந்து பேசுகிறேன், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்க. பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க.